பழைய இயற்பியல் ஆப்லெட்கள் உபுண்டுவில் ஓடவில்லை, வெறும் பெட்டிதான் தெரிகிறது

தாராவி வாத்தியார்:
வணக்கம். தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் 11, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சாயங்காலம் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். நாலு பழைய கம்ப்யூட்டர். போன மாதம் எல்லாவற்றிலும் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு 22.04 போட்டேன்.

காலேஜில் படிக்கும்போது சேர்த்துவைத்த முப்பது ஜாவா ஆப்லெட்கள் (பிரவுசர் பக்கத்துக்குள் ஓடும் சின்ன ஜாவா நிரல்கள்) ஒரு சிடியில் இருக்கின்றன. அதில் ஒன்று அலைத்தொட்டி. தண்ணீரை இரண்டு முனைகள் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரு முனையை மவுஸால் இழுத்துத் தள்ளிவைத்தால் குறுக்கீட்டுக் கோடுகள் நெருங்கும். போன வருஷம் ஒரு பெண் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "சார், இது தள்ளிப் போகப்போக கோடு கிட்ட வருது" என்று தானாகவே சொன்னாள். போர்டில் சூத்திரம் எழுதி அவளை அந்த இடத்துக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு வகுப்பு ஆகியிருக்கும்.

இப்போது ஃபயர்பாக்ஸில் அந்த இடம் காலியாக இருக்கிறது. ஜாவா 11 போட்டேன், ஆப்லெட்டுக்கு உதவும் என்ற ஐஸ்ட்டீ (IcedTea) மென்பொருளையும் நிறுவினேன், ஒன்றும் அசையவில்லை. திங்கட்கிழமை அலை ஒளியியல் தொடங்க வேண்டும். உதவுங்கள்.

செம்பூர் லினக்ஸ்:
சார், ஜாவாவை மறுபடி மறுபடி போட்டு நேரத்தை விடாதீர்கள். ஆப்லெட் பிரவுசருக்குள் வருவதற்கு என்பிஏபிஐ என்று ஒரு வழி இருந்தது. லினக்ஸ் குரோம் 2014-லேயே அதை மூடிவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில், 52-ஆம் பதிப்போடு, ஃபிளாஷ் தவிர மற்றதை நிறுத்தியது. 2018-ல் வந்த ஜாவா 11-லிருந்து, பிரவுசரோடு இணைக்கும் ஜாவா பிளகினையே எடுத்துவிட்டார்கள். எந்த செட்டிங்கை மாற்றினாலும் வராது. பழைய ஃபயர்பாக்ஸை இறக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பிள்ளைகள் நெட் பார்க்கிற மெஷினில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உங்களுக்குப் பிரவுசரே வேண்டாம். ஓப்பன் ஜேடிகே 8, அதாவது ஜாவா 8-இன் முழுப் பேக்கேஜைப் போடுங்கள் (ஹெட்லெஸ் என்று இருப்பது வேண்டாம், அதில் ஜன்னல் வராது). அதற்குள் 'பின்' (bin) என்ற ஃபோல்டரில் ஆப்லெட்வியூவர் என்ற நிரல் இருக்கும். டெர்மினலில் அதற்கு ஹெச்டிஎம்எல் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஆப்லெட் தனி ஜன்னலில் திறக்கும். ஜாவா 11 பக்கத்திலேயே இருக்கட்டும். ஆப்லெட்வியூவரை மட்டும் 8-இன் முழுப் பாதை கொடுத்து ஓட்டுங்கள்.

தாராவி வாத்தியார்:
ஜன்னல் வந்தது! ஆனால் உள்ளே காலி. டெர்மினலில் 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' (ஜாவா நிரல் கோப்பைக் காணோம்), பக்கத்தில் வேவ்டேங்க் என்று பெயர். அந்தக் கோப்பு அதே ஃபோல்டரில் கண்ணெதிரே இருக்கிறதே.

மாட்டுங்கா அக்கா:
தம்பி, பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்தீர்களா? பிழைச்செய்தியில் டபிள்யூ, டி இரண்டும் பெரிய எழுத்தாக இருக்கும். உங்கள் கோப்பில் எல்லாம் சின்ன எழுத்தாக இருக்கும். ஜோலியட் (சிடியில் பெயர்களை உள்ளபடியே வைக்கும் முறை) இல்லாமல் எழுதின சிடியை லினக்ஸ் திறக்கும்போது பெயர்களைச் சின்ன எழுத்தாக்கிக் காட்டும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் இத்தனை வருஷம் தெரியவில்லை. லினக்ஸுக்கு வேறு வேறு. பிழையில் உள்ளபடியே பெயரை மாற்றுங்கள். உடனே அடுத்த கிளாஸ் கோப்பைக் காணோம் என்று சொல்லும், பயப்பட வேண்டாம், அதையும் மாற்றுங்கள். என் அப்பாவின் பழைய சிடியோடு நானும் ஒரு ஞாயிறு முழுக்க இதைத்தான் செய்தேன்.

செம்பூர் லினக்ஸ்:
அக்கா சொன்னதுதான் காரணம். நெட் நன்றாக இருந்தால் சீர்ப்ஜே என்று ஒன்று உண்டு, ஆப்லெட்டை இன்றைய பிரவுசருக்குள்ளேயே ஓட்டும். ஆனால் சும்மா கோப்பைக் கிளிக் செய்தால் போதாது, ஃபோல்டரை பைத்தானின் சின்ன வெப் சர்வர் வழியாகத் திறக்க வேண்டும்.

தாராவி வாத்தியார்:
இங்கே நெட் என் போன் ஹாட்ஸ்பாட்தான், அதனால் ஆப்லெட்வியூவரே போதும். ஒன்பது கோப்புகளுக்குப் பெயர் மாற்றியதும் அலைத்தொட்டி ஓடிவிட்டது. அக்காவுக்கு என் நன்றி. பக்கத்தில் இருந்த விளக்க எழுத்து மட்டும் ஆப்லெட்வியூவரில் வராது. அதை ஃபயர்பாக்ஸில் திறந்து இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டேன். இரண்டு ஆப்லெட்கள் இன்னும் அடம்பிடித்தன. ஹெச்டிஎம்எல்லைத் திறந்து பார்த்தால், கோப்புகளை எங்கே தேடுவது என்று சொல்லும் கோட்பேஸ் என்ற இடத்தில் எப்போதோ மறைந்துபோன ஒரு இணைய முகவரி. அந்தக் கோட்பேஸை முகவரியோடு அழித்ததும் அவையும் வந்துவிட்டன. ராத்திரியே மற்ற மூன்று மெஷினுக்கும் பென்டிரைவில் எடுத்துப் போட்டுவிட்டேன்.