மறுமொழி: இன்ஃபினிடிவ், ஜெரண்ட், பார்ட்டிசிப்பிள் – தமிழில் எப்படி அழைப்பது?

அன்பான குழுவினருக்கு வணக்கம்.

பள்ளிக்கான நம் கலைச்சொல் தொகுதியில் ஆங்கில இலக்கணத்தின் இந்த மூன்று வினை வடிவங்களுக்கும் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் வாசித்தேன். மூன்றுக்கும் நம் இலக்கணத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறதே, புதிதாக எதற்கு என்று கேட்டவர்களே அதிகம். இன்ஃபினிடிவ் ('டு சீ') செயவெனெச்சம் ('பார்க்க'), ஜெரண்ட் (பெயராக வரும் 'ரீடிங்') தொழிற்பெயர் ('படித்தல்'), பார்ட்டிசிப்பிள் ('க்ரையிங்', 'ரிட்டன்') வினையெச்சம் ('அழுது') அல்லது பெயரெச்சம் ('அழுகிற'). இதுதான் அவர்கள் கணக்கு. மட்டக்களப்பில் தமிழ் மூலம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறவள் நான். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. ஜெரண்டுக்குத் தொழிற்பெயர் நன்றாகப் பொருந்தும். மற்ற இரண்டுக்கும் பழைய பெயரை அப்படியே கொடுத்தால், பெயரோடு சேர்ந்து தமிழ் விதியும் ஆங்கில வசனத்துக்குள் போய்விடும். பிள்ளைகளின் கொப்பிகளில் நான் திருத்துவது பெரும்பாலும் அந்த விதியைத்தான்.

பொருந்துவதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'படித்தல்', 'படிப்பு' இரண்டுமே தொழிற்பெயர். ஆனால் 'பத்திரிகையைக் கவனமாகப் படித்தல்' என்று சொல்லலாம், 'பத்திரிகையைக் கவனமாகப் படிப்பு' என்று சொல்ல வராது. ஜெரண்ட் இந்த முதல் வகை. 'ரீடிங் த பேப்பர் கெயார்ஃபுலி' என்பதில் 'ரீடிங்' பெயராக நின்றாலும் செயப்படுபொருளையும் வினையடையையும் விடவில்லை. ஆகவே தொகுதியில் தொழிற்பெயர் என்று போட்டு, பக்கத்தில் 'தல் வகை' என்று ஒரு குறிப்பு வைத்தால் போதும்.

இந்தப் பெயர் வகுப்பில் உடனே வேலை செய்யும். 'சோறு திண்ட மறுகா பள்ளிக்குப் போனன்' என்று வீட்டில் பேசுகிற பிள்ளை 'ஆஃப்டர் ஏட் ரைஸ், ஐ வென்ட் டு ஸ்கூல்' என்று எழுதுகிறது. 'திண்ட' இறந்தகாலப் பெயரெச்சம், அதனால் பிள்ளை இறந்தகால வினையைத் தேடி எடுத்து வைத்திருக்கிறது. தமிழ் விதிப்படி அது செய்தது சரி. 'ஆஃப்டர்' முன்னிடைச்சொல்லாக (பெயருக்கு முன்னால் நிற்கும் ப்ரெபொசிஷனாக) வந்தால் அதன் பின்னால் பெயரெச்சம் நிற்காது, தொழிற்பெயர்தான் நிற்கும் என்று சொன்னவுடன் 'ஈட்டிங்' வந்துவிடும். 'லுக்கிங் ஃபோவர்ட் டு சீயிங் யூ' என்பதும் இப்படித்தான். அங்கே உள்ள 'டு' முன்னிடைச்சொல். அதனால்தான் 'சீ' என்று எழுதினால் பிழை.

இனி இன்ஃபினிடிவ்.

> செயவெனெச்சம் என்றே வைக்கலாம். 'பார்க்க வந்தான்', 'கேம் டு சீ'. அச்சொட்டாகப் பொருந்துகிறது.

நோக்கப் பொருளில் மட்டும் பொருந்துகிறது. செயவெனெச்சத்துக்குக் காரணப் பொருளும் காலப் பொருளும் உண்டு. 'மழை பெய்ய நெல் விளைந்தது.' 'பொழுது சாய வீட்டுக்கு வந்தான்.' பெய்தது மழை, விளைந்தது நெல், எழுவாய் இரண்டு. ஆங்கில 'டு' இந்த வேலைக்கு வராது. அம்பாறைப் பக்கம் வெள்ளாமை செய்யும் வீட்டுப் பிள்ளை 'டு ரெயின், த பெடி க்ரூ' என்று எழுதிவிட்டு, செயவெனெச்சம் என்றுதானே டீச்சர் சொன்னீங்க என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

> முடிவிலி வினை?

முடிவிலி கணிதத்தில் நிலைத்துவிட்ட சொல். அதைவிட முக்கியம், இன்ஃபினிடிவ் என்ற இலத்தீன் பெயருக்கு முடிவே இல்லாதது என்று பொருள் அல்ல. ஆள், எண் ஆகியவற்றால் வரையறுக்கப்படாதது என்றுதான் பொருள். இன்னொருவர் சொன்ன 'பொதுவினை'யையும் நன்னூல் முன்பே எடுத்துக்கொண்டது. வேறு, இல்லை, உண்டு முதலியவற்றுக்கு அந்தப் பெயர்.

அக்கரைப்பற்று சேர் எழுதிய 'நோக்கெச்சம்' எனக்குப் பிடித்திருக்கிறது. நோக்கம் என்றும் எடுக்கலாம், முன்னே நோக்குவது என்றும் எடுக்கலாம். இரண்டும் இங்கே தேவை. 'ரிமெம்பர் டு லொக் த கேட்' என்றால் படலையை இனித்தான் பூட்ட வேண்டும். 'ஐ ரிமெம்பர் லொக்கிங் த கேட்' என்றால் பூட்டியாயிற்று, பூட்டியது நினைவிருக்கிறது. 'ஹீ ஸ்டொப்ட் டு டிரிங்க் டீ' என்றால் தேத்தண்ணி குடிப்பதற்காக நின்றான். 'ஹீ ஸ்டொப்ட் டிரிங்கிங் டீ' என்றால் தேத்தண்ணியையே விட்டுவிட்டான். வொண்ட், ஹோப், டிசைட், ப்ரொமிஸ், பிளான் எல்லாம் இனி நடக்கப்போவதைப் பார்க்கும் வினைகள், அவற்றுக்கு நோக்கெச்சம். என்ஜோய், ஃபினிஷ், அட்மிட் எல்லாம் நடக்கிற அல்லது நடந்த செயலைப் பிடிக்கும் வினைகள், அவற்றுக்குத் தொழிற்பெயர். சஜெஸ்ட், கன்சிடர் இரண்டும் முன்னே பார்த்தாலும் 'இங்' வடிவத்தைத்தான் எடுக்கும். அவற்றைப் பாடமாக்கத்தான் வேண்டும், எந்தக் கலைச்சொல்லும் அதைக் காப்பாற்றாது.

'டு' இல்லாமல் வருவதைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்பது என் யோசனை. கேன் கோ, மஸ்ட் கோ, லெட் ஹிம் கோ, சோ ஹிம் கோ (அவன் போகக் கண்டேன்) என்பவற்றில் வருவது வினையின் அடி வடிவம். அதை 'அடிவினை' என்போம். அப்புறம் 'கேன் டு கோ' என்று எழுதும் பிள்ளையிடம், 'கேன்'-க்குப் பின்னால் அடிவினை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்.

இப்போது எனக்கு அதிகம் அக்கறையுள்ள இடம், பார்ட்டிசிப்பிள்.

இலத்தீனில் இந்தப் பெயருக்குப் பங்கெடுப்பது என்று பொருள். பெயரிலும் பங்கு, வினையிலும் பங்கு. தமிழ் இதை வடிவத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது. அழுகிற பிள்ளை, பெயரெச்சம். பிள்ளை அழுதுகொண்டு ஓடியது, வினையெச்சம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'க்ரையிங்' ஒன்றுதான். 'த க்ரையிங் சைல்ட்' என்றும் வரும், 'க்ரையிங், த சைல்ட் ரேன் ஹோம்' என்றும் வரும். ஒரே வடிவம் இரண்டு எச்சங்களின் வேலையையும் செய்வதால் இதை 'ஈரெச்சம்' என்று அழைக்கலாம் என்று பரிந்துரைக்கிறேன்.

வெறுமனே பெயரெச்சம் என்று ஏன் சொல்லக்கூடாது? நம் பெயரெச்சம் மிகவும் தாராளமானது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறு வகைப் பெயரும் அதற்கு முடிவாக வரலாம் என்கிறது நன்னூல். எழுதிய மாணவி, எழுதிய பேனா, எழுதிய மண்டபம், எழுதிய நாள், எழுதிய கடிதம், எல்லாம் தமிழில் சரி. ஆங்கில ஈரெச்சத்துக்கு இத்தனை இடமில்லை. 'ரைட்டிங்' செய்பவரோடு சேரும், 'ரிட்டன்' செய்பொருளோடு சேரும். கருவி, இடம், காலம் என்றால் விச், வெயார், வென் போட்டுத் தனி வாக்கியமாக விரிக்க வேண்டும். இது சொல்லப்படாததால்தான் 'மை ரிட்டன் பென்' என்றும் 'மை ஸ்டடீட் ஸ்கூல்' என்றும் எழுதுகிறார்கள். நான் எழுதிய பேனா, நான் படித்த பள்ளிக்கூடம் என்ற இரண்டு நல்ல தமிழ்த் தொடர்களை அப்படியே மாற்றியிருக்கிறார்கள். ஆறில் இரண்டு மட்டும் என்று ஒரு தரம் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

எச்சம் என்ற பாதியை விட்டுவிடக்கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று எச்சங்களும் வினைமுதலைக் கொண்டே முடியும் என்கிறது தொல்காப்பியம். எச்சத்தின் செயலைச் செய்தவர் யாரோ அவரேதான் முற்றுவினையையும் செய்ய வேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் டேங்லிங் பார்ட்டிசிப்பிள் என்று சொல்லித் திருத்துவதும் இதே விதியின் மீறலைத்தான். 'வோக்கிங் எக்ரோஸ் கல்லடி பிரிட்ஜ், த லகூன் லுக்ட் பியூட்டிஃபுல்' என்று எழுதினால் பிள்ளைக்குப் பிழை தெரியாது. 'கல்லடிப் பாலத்தில் நடந்து, வாவி அழகாகத் தெரிந்தது' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். வாவியா நடந்தது என்று வகுப்பே கேட்கும். தங்கள் மொழியில் ஏற்கெனவே இருக்கிற அறிவு இது. எச்சம் என்ற பெயர் அதை எழுப்பிவிடும், 'பார்ட்டிசிப்பிள்' என்ற ஒலி எழுப்பாது.

'பிரெசன்ட்', 'பாஸ்ட்' என்ற அடைகளை நிகழ்கால, இறந்தகால என்று பெயர்க்க வேண்டாம். 'வோக்கிங் ஹோம் யெஸ்டர்டே' என்பது நேற்று நடந்தது. இங் வடிவத்துக்கு நடப்பு ஈரெச்சம், 'ரிட்டன்' போன்ற மற்றதற்கு நிறைவு ஈரெச்சம் என்று வைப்போம். போரிங் பாடம், போர்ட் மாணவன் என்ற குழப்பமும் இதில் அடங்கும். பாடம் சலிப்பை ஊட்டிக்கொண்டிருக்கிறது, மாணவன் சலித்துப் போய்விட்டான்.

தமிழ்நாட்டுச் சொற்கோவையில் இல்லாததை நாம் ஏன் ஆக்க வேண்டும் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 'ஃபிசிக்ஸ்' பாடத்துக்கு இங்கே பௌதிகவியலும் தமிழ்நாட்டில் இயற்பியலும் தனித்தனியே நிலைத்தன, உண்மைதான். ஆனால் 1936-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். சொல் எந்தக் கரையில் பிறக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதுவே போதுமான பதில்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை

———

அஸ்ஸலாமு அலைக்கும்.

நோக்கெச்சத்தை ஏற்றதற்கு நன்றி டீச்சர். ஈரெச்சம் நல்ல சொல். இரண்டு தடை சொல்கிறேன். 'ஹேவிங் ஈட்டன்' என்பதைத்தான் ஆங்கிலத்தில் பெர்ஃபெக்ட் (நிறைவு) பார்ட்டிசிப்பிள் என்கிறார்கள். 'ஈட்டன்' நிறைவு ஈரெச்சம் என்றால் இது என்ன? மற்றது, 'டு எர் இஸ் ஹியூமன்' (தவறுவது மனித இயல்பு) என்பதில் நோக்கம் எங்கே இருக்கிறது?

அக்கரைப்பற்றிலிருந்து

———

வணக்கம்.

ஜெரண்டுக்கும் பார்ட்டிசிப்பிளுக்கும் இரு சொல்லா, ஒரு சொல்லா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயருக்கு 'உங்' அல்லது 'இங்', பார்ட்டிசிப்பிளுக்கு 'எண்டெ' என்று வேறு வேறு விகுதிகள் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 2002-இல் வந்த பெரிய கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் ஜெரண்ட்-பார்ட்டிசிப்பிள் என்று இரண்டையும் ஒரே வடிவமாகவே எடுத்துக்கொள்கிறது. வடிவம் ஒன்றானால் பெயரும் ஒன்றாக இருக்கலாமே?

கனடாவிலிருந்து, ஊர் களுவாஞ்சிகுடி

———

சேருக்கும் களுவாஞ்சிகுடி அண்ணனுக்கும் வணக்கம்.

அண்ணன் சொல்வது வடிவத்தைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. மொழியியல் அகராதி செய்தால் நானும் 'இங் வடிவம்' என்று ஒரே தலைப்பில் போடுவேன். நாம் செய்வது பள்ளிக்கான தொகுதி. வகுப்பில் பிள்ளை விடை தேடும் கேள்வி, இந்த இடம் பெயருக்கு உரியதா, எச்சத்துக்கு உரியதா என்பதுதான். 'ஸ்விம்மிங் இஸ் குட்' என்பதில் 'ஸ்விம்மிங்'-ஐ எடுத்துவிட்டு 'மில்க்' என்று வைக்கலாம். 'ஸ்விம்மிங் இன் த லகூன், ஹீ சோ எ க்ரொகடைல்' என்பதில் அப்படி வைக்க முடியாது. அந்த இரண்டு இடங்களுக்கும் நம் மொழியில் வேறு வேறு வடிவம் இருப்பதால் இரண்டு பெயரும் பிள்ளைக்குச் சுமையாக இராது. வடிவம் ஒன்று என்ற குறிப்பை இரண்டு பதிவிலும் சேர்க்கிறேன்.

சேரின் முதல் தடையை ஏற்கிறேன். 'ஹேவிங் ஈட்டன்' இரண்டு ஈரெச்சங்கள் சேர்ந்தது. 'ஹேவிங்' நடப்பு, 'ஈட்டன்' நிறைவு. அதனால் 'கூட்டு ஈரெச்சம்' என்று போடலாம். தமிழில் 'சாப்பிட்டுவிட்டு' என்பது கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. இரண்டாவது தடைக்கு முழு விடை இல்லை. எழுவாயாக வரும் நோக்கெச்சம் பழமொழிகளிலும் உயர்நடையிலும்தான் மிகுதி. பள்ளி ஆங்கிலத்தில் அந்த இடத்தைத் தொழிற்பெயரும், 'இட் இஸ் ஈசி டு லேர்ன்' என்பது போன்ற அமைப்பும் எடுத்துக்கொள்ளும். ஒரு விதிவிலக்குக் குறிப்போடு சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இன்னும் ஒன்று மிச்சம். ரிகார்டிங், கன்சிடரிங், அக்கோர்டிங் டு போன்றவை ஈரெச்ச வடிவில் இருந்தாலும் வினைமுதல் விதிக்குக் கட்டுப்படாது. அவற்றின் வினைத்தன்மை தேய்ந்துவிட்டது. நம்மிடம் பற்றி, குறித்து, கொண்டு, ஒட்டி எல்லாம் வினையெச்சமாக இருந்து சொல்லுருபான (வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சொல்லான) மாதிரி. தொகுதியில் அவற்றை ஈரெச்சத்தின் கீழ் போடாமல் சொல்லுருபு என்ற தலைப்பில் தனியாக வைப்போம். யாருக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.