யோவான் 9: யார் செய்த பாவம்?

கேள்வி: வேதபாட வகுப்பில் (பைபிள் வகுப்பு) யோவான் சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில் இயேசு குணமாக்கிய பிறவிக் குருடனைப் பற்றிப் பேச வேண்டும். அவன் குருடனாய்ப் பிறந்ததற்கு அவனோ பெற்றோரோ செய்த பாவம் காரணமல்ல என்கிறது 3ஆம் வசனம். ஆனால் 5:14இல் குணமான வேறொரு நோயாளியிடம் 'இனிப் பாவஞ்செய்யாதே' என்கிறாரே இயேசு, எப்படிப் பொருந்தும்?

பதில் 1: பிரதர், அது குணமான பிறகு ஆலயத்தில் அந்த ஒருவனுக்குச் சொன்ன எச்சரிப்பு. எல்லா நோயாளிக்கும் ஒட்டக்கூடாது. லூக்கா 13:4ஐச் சேர்த்து வாசியுங்கள்: சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளல்ல. குருடன் கழுவியதும் சீலோவாம் குளத்தில்தான்!

பதில் 2: 3ஆம் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள், பலரும் சறுக்குவது அங்கேதான். குணமாக்குதல் 6, 7 வசனங்களோடு முடிகிறது. 41 வசனங்களில் பெரும்பகுதி விசாரணைதான். 22இல் பெற்றோர் பயந்து நழுவுகிறார்கள், 34இல் விசாரித்த யூத மதத் தலைவர்கள் 'பாவத்தில் பிறந்தவன்' என்று அதே பழியைச் சொல்லி அவனைத் துரத்துகிறார்கள். அங்கே நேரம் எடுங்கள்.

பதில் 3: பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கப்படும் என்கிற யாத்திராகமம் 20:5ஐ யாராவது இழுப்பார்கள். தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்கிற எசேக்கியேல் 18:20ஐத் தயாராக வைத்திருங்கள்.