ஸ்னோ கரைந்த பிறகு கூரையில் என்ன கண்டீர்கள்?

ஸ்காபரோ மல்லிகை:
மார்ச் மாதம், மேல்மாடி சீலிங்கில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம். ரூஃப்காரர் ஏணி வைத்து ஏறினார், இறங்கினார், "ஷிங்கிள்ஸ் முழுக்க மாற்ற வேணும் அக்கா" என்றார், கூரை மேல் ஓடு மாதிரி அடிக்கும் தார் அட்டைகளைத்தான். அந்தக் கிழமை மழையே இல்லை, கூரையிலும் ஸ்னோ இல்லை. பிறகு எங்கிருந்து தண்ணீர் வருகிறது? பதில் இல்லை.

அவர் போனதும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் அட்டிக்கின் மூடியைத் தள்ளித் தலையை நீட்டினேன். ஷிங்கிள்ஸுக்கு அடித்த ஆணிகளின் முனைகள் பலகையைத் துளைத்து வரிசையாக உள்ளே நிற்கின்றன. ஒவ்வொரு முனையிலும் வெள்ளையாக உறைபனி. வெயில் பட்ட பக்கத்தில் அது உருகி, ஆணிக்கு ஒரு சொட்டாக இன்சுலேஷன் மேல் விழுந்துகொண்டிருந்தது. டோர்ச்சைத் திருப்பினால் வாஷ்ரூம் ஃபேன் குழாய் கழன்று கிடக்கிறது. பிள்ளைகள் குளித்த நீராவி குளிர்காலம் முழுக்க அங்கேதான் போயிருக்கிறது! குழாயைப் பொருத்தியதும் சொட்டு நின்றது. பழைய ஷிங்கிள்ஸ்தான் இன்னும் இருக்கிறது. அந்த மனுசன் அட்டிக்கை எட்டியும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மார்க்கம் மாமா:
தங்கச்சி, எல்லாக் கறைக்கும் நீராவியைக் குற்றம் சொல்லவும் கூடாது. எங்கள் வீட்டில் கறை வந்தது வெளிச்சுவரை ஒட்டி. அட்டிக் சூட்டில் கூரையின் மேல்பக்க ஸ்னோ உருகி, ஓரத்துக்கு வந்ததும் குளிரில் திரும்ப உறைந்து, அணை மாதிரிக் கட்டிவிட்டது. பின்னால் தேங்கிய தண்ணீர் ஷிங்கிள்ஸுக்குக் கீழே ஏறிவிட்டது. பனிக்கூர்கள் வடிவாகத் தொங்குகின்றன என்று வீட்டில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரலில் வேலைக்கு வந்த பொடியன் ஓரத்து ஷிங்கிளைத் தூக்கிவிட்டு விரலால் பிளைவுட்டை அமத்தினான். விரல் உள்ளே போய்விட்டது. கீழே நின்று பார்த்தால் அந்த இடத்தில் ஒரு குறையும் தெரியாது. பழைய வீடு, தண்ணீர் புகாமல் ஓரத்து ஷிங்கிள்ஸுக்குக் கீழே ஒட்டும் சவ்வே போட்டிருக்கவில்லை.

பிரம்டன் தம்பி:
என் கதை சின்னது. பீலித் தண்ணீர் வந்து விழும் இடத்தில் கறுப்பு மணல் குவிந்திருந்தது. பார்த்தால் ஷிங்கிள் மேல் ஒட்டியிருக்கும் மணல். கூரை வழுக்கையாகிக்கொண்டு வந்திருக்கிறது.

ஆனால் சில விஷயம் சொல்லத்தான் வேண்டும். ஈரக் கூரையில் தயவுசெய்து ஏறாதீர்கள், பைனாகுலர் போதும். கழிவுக் காற்றுக் குழாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வெடித்திருக்கிறதா, சிம்னி அடித் தகரம் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டிக்கில் மரச்சட்டத்தில் மட்டும் கால் வையுங்கள், நடுவில் வைத்தால் சீலிங்கோடு கீழே வருவீர்கள். பழைய வீட்டு அட்டிக்கில் மினுங்கும் சின்னக் கல் மாதிரி இன்சுலேஷன் இருந்தால் தொடவே வேண்டாம். அது வெர்மிகுலைட், அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். ஓரத்துக் காற்றுத் துளைகளை இன்சுலேஷன் அடைத்திருந்தால் அட்டிக் சூடாகி, மாமா சொன்ன அணை திரும்பவும் வரும், எத்தனை சவ்வு போட்டாலும் சரி. அப்புறம், கதவைத் தட்டி "உங்கள் ரூஃப் பழுது" என்று வருகிறவர்களிடம் கையெழுத்து வைத்தவர்களுக்கு: ஒன்ராறியோவில் வீட்டு வாசலில் போட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் ரத்துச் செய்யலாம். அதை எழுத்தில் அனுப்புங்கள்.

மார்க்கம் மாமா:
தம்பி, சவ்வு வேண்டாம் என்று நான் சொன்னேனா? காற்றும் வேண்டும், சவ்வும் வேண்டும். ஓரத்திலிருந்து மேலே குறைந்தது 900 மில்லிமீட்டர் என்று இங்கத்தைக் கட்டடச் சட்டமே சொல்கிறது.

ஸ்காபரோ மல்லிகை:
நான் கேட்டது உங்கள் கதையை, தம்பி. வகுப்பு எடுக்கச் சொல்லவில்லை :)

மிசிசாகா ராணி:
எங்களுக்கும் இதே கறைதான், தண்ணீர் என்றுதான் நினைத்தோம். இரவில் சீலிங்குக்கு மேலே தட தடவென்று நடை. ஆள் வந்து பார்த்தால் கூரைக் காற்றுப்பெட்டியைப் பிய்த்துக்கொண்டு ரக்கூன் ஒன்று குட்டி போட்டிருக்கிறது! அவர் குட்டிகளைப் பெட்டியில் எடுத்துக் கூரையில் வைக்க, தாய் ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு போனது. ஓட்டையை அடைத்தாயிற்று, இன்சுலேஷனும் மாற்றியாயிற்று. கறைக்கு மேல் பெயின்ட்டும் அடித்தாயிற்று. ஆனால் புழுக்கமான நாளில் மூத்திர மணம் திரும்ப வருகிறது. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.