கண்டாவளை வீட்டார் (கிளிநொச்சி, குடும்பக் குழு)

குணம் மாமா, காலை 5:12
(படத்துடன் பகிரப்பட்ட செய்தி) இரணைமடு அணை உடைந்தது! உடனே வெளியேறுங்கள்!! எல்லோருக்கும் அனுப்புங்கள்!

வாணி அக்கா, 5:14
ஐயோ, உண்மையா மாமா? அம்மாவை ஏற்ற லான்ட்மாஸ்டர் எடுக்கச் சொல்லட்டா?

தர்சன், 5:19
பொறுங்கோ அக்கா. அணை உடையவில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு எடுத்துக் கேட்டுவிட்டேன். குளம் 36 அடியை நெருங்கியதால் வான்கதவுகளைத் திறந்திருக்கிறார்கள். அந்தப் படம் 2018 டிசம்பர் வெள்ளத்தில் எடுத்தது.

குணம் மாமா, 5:21
ஒரு செய்தித் தளத்திலும் கிடந்ததே தம்பி. அதைப் பார்த்துத்தான் நம்பினேன்.

தர்சன், 5:26
அது நான் வேலை செய்யும் இடம்தான் மாமா. இரவு யாரோ அனுப்பியதை ஒருவரிடமும் கேட்காமல் ஏற்றிவிட்டார்கள். மற்றவர்கள் போட்டுவிட்டார்கள், நாங்கள் பிந்திவிடுவோம் என்ற அவசரம். நான் சண்டை பிடித்த பிறகு அழித்தார்கள். ஆனால் பிழை என்று ஒரு வரி போடவில்லை. சும்மா அழித்தால், முதலில் வாசித்தவர்களுக்கு அணை உடைந்ததாகத்தானே இருக்கும்?

வாணி அக்கா, 5:28
பக்கத்து வீட்டு ஆச்சி இருட்டுக்குள் ஓடி விழுந்துவிட்டா. முழங்கை வீங்கிப் போச்சு.

சின்னம்மா, 5:33
2009 இல் போருக்குள் மாத்தளனில் இருந்தபோது வெளிச் செய்தியாளர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அடுத்த பங்கரில் நடந்ததே தெரியாது. பற்றரி தீரும்வரை றேடியோவைக் காதில் வைத்திருந்தோம். இன்றைக்கு விடியமுன் இந்தக் குழுவில் 140 செய்தி. எந்தப் பக்கத்தால் தண்ணீர் வருகிறது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

தர்சன், 5:36
அது மேலே இருக்கிறது சின்னம்மா. கனகராயன் ஆற்றுக் கரையோரத்தவர்கள் பாடசாலைக்குப் போகவேண்டும் என்ற அறிவித்தலை ரவி அண்ணா இரவு 11:40க்கே போட்டிருந்தார். அதற்குமேல் வந்து விழுந்தவற்றில் மறைந்துபோய்விட்டது.

குணம் மாமா, 5:38
நீ சண்டை பிடித்து வேலை போய்விடாதா தம்பி?

தர்சன், 5:41
யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளர் நிமலராஜன் அண்ணையை 2000 ஒக்டோபரில் வீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே சுட்டார்கள். அந்தத் தொழிலில் இருந்துகொண்டு ஒரு கோல் எடுக்கப் பஞ்சிப்படலாமா மாமா? திருத்தம் போடும்வரை விடமாட்டேன்.

குணம் மாமா, 5:44
சரி. நான் அதை மூன்று குழுவுக்கு அனுப்பினேன். மூன்றிலும் பிழை என்று எழுதிப் போடுகிறேன்.

வாணி அக்கா, 5:47
தண்ணீர் எங்கள் ஒழுங்கை மதகுக்கு வந்துவிட்டது. இப்போது நானே நின்று பார்க்கிறேன். சின்னம்மா, கிழக்குப் பக்கத்தால் போகாதேங்கோ.