வாட்டர்மார்க்கிங்: நீர்க்குறியா, ஊடுகுறியா?

அன்புடையீர், வணக்கம்.

எண்ணிம (டிஜிட்டல்) படங்களின் உரிமையைக் காக்கவும் அவை திருத்தப்படாதவை என்று உறுதிசெய்யவும் அவற்றுக்குள் ஒரு குறியைப் பதிக்கும் வாட்டர்மார்க்கிங் நுட்பத்துக்கு நீர்க்குறி, நீர்வரிக்குறி, நீர்முத்திரை, மறைகுறி ஆகிய சொற்கள் நம் கலைச்சொல் குழுவில் முன்வைக்கப்பட்டுள்ளன. முதல் மூன்றும் ஆங்கிலச் சொல்லில் உள்ள நீரை விடாமல் ஏந்தி வருகின்றன. நான்காவது சொல்லை எடுத்துக்கொண்டால், ‘மறைகுறியாக்கம்’ என்பது, செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் என்கிரிப்ஷனுக்கு ஏற்கெனவே வழங்கி வருவதால், பாதுகாப்புத் துறையில் ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்போது படிப்பவர் தடுமாறுவது உறுதி. எனவே ‘ஊடுகுறி’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

நீரை விட்டுவிடலாம் என்பதற்கு முதற்காரணம், இப்பெயருக்கு மூலமான, தாளில் இடப்படும் குறியிலேயே நீருக்குப் பெரிய பங்கில்லை என்பதுதான். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் காகிதப் பட்டறைகளில் தொடங்கிய அந்த வழக்கத்தில், கூழை அள்ளும் சல்லடை அச்சின்மேல் கம்பியை வளைத்து ஓர் உருவம் தைக்கப்பட்டது. கம்பி இருந்த இடத்தில் கூழ் மெல்லியதாகப் படிந்ததால், உலர்ந்த தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அவ்வுருவம் துலங்கியது. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அதைக் கம்பியிழை வேலைப்பாட்டின் பெயராலேயே ஃபிலிகிரானா என்றும் ஃபிலிகிரான் என்றும் அழைத்தனர். ஆங்கிலமும் ஜெர்மனும் நீரைப் பிடித்துக்கொண்டன. இன்னும் கவனிக்கத்தக்கது, தாளுக்கு ஃபிலிகிரான் என்ற சொல்லை வைத்துக்கொண்ட பிரெஞ்சு மொழி, எண்ணிம நுட்பம் வந்தபோது ‘தத்துவாழ் நுமெரிக்’ என்று, அதாவது எண்ணிமப் பச்சை குத்தல் என்று, தனிச்சொல் ஆக்கிக்கொண்டது. ஜப்பானியரின் ‘சுகாஷி’ என்ற சொல்லில் நீர் இல்லை. ஒளியை ஊடே விட்டுக் காட்டுதல் என்ற பொருளே உள்ளது.

நுட்பத்தின் வரலாறும் நீரில் தொடங்கவில்லை. பின்னணி இசை வழங்கிய மியூசாக் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் ஹெம்புரூக் 1954இல் பதிவுசெய்து 1961இல் பெற்ற காப்புரிமை, இசைக்குள்ளேயே அடையாளக் குறிப்பைப் பதிக்கும் முறையைப் பற்றியது. இசையின் ஒரு குறுகிய அலைவெண் பட்டையை விட்டு விட்டு நீக்கி, மோர்ஸ் தந்திக்குறி போன்ற ஒரு குறிப்பை அதில் எழுதினார். நீர் என்ற பேச்சே அங்கு இல்லை. 1990களின் தொடக்கத்தில் எண்ணிமப் படங்களுக்கு இந்த எண்ணம் வந்தபோதுதான் தாள்குறியின் பெயர் ஒட்டிக்கொண்டது. டிர்க்கலும் உடன் ஆய்ந்தோரும் 1993இல் அளித்த கட்டுரையின் தலைப்பே ‘எலக்ட்ரானிக் வாட்டர் மார்க்’ என்பதாகும்.

இனி, இந்த நுட்பத்தை இந்த நுட்பமாக ஆக்குவது எது என்று பார்க்க வேண்டும். சாம்பல்நிறப் படமொன்றில் ஒவ்வொரு படப்புள்ளியும் 8 பிட்டுகளால் ஆனது. அதன் ஒளிர்வு 0 முதல் 255 வரை எதுவாகவும் இருக்கலாம். கடைசிப் பிட்டை மாற்றினால் ஒளிர்வு ஒரே ஒரு படிதான் கூடும் அல்லது குறையும். கண் அதைக் காணாது. ஆகவே எல்லாப் படப்புள்ளிகளின் கடைசிப் பிட்டுகளிலும் ஒரு செய்தியைப் பரப்பி எழுதிவிடலாம். ஆனால் கண் காணாததைத் தூக்கி எறிந்து கோப்பைச் சிறிதாக்குவதே ஜேபெக் சுருக்கத்தின் தொழில் என்பதால், ஒருமுறை சுருக்கிய அளவில் அச்செய்தி கரைந்துவிடும். இதிலிருந்து மீள, காக்ஸ், கிலியன், லெய்ட்டன், ஷமூன் ஆகிய நால்வர் 1997இல் வெளியிட்ட முறை எதிர்த்திசையில் சென்றது. அவர்கள் படம் முழுவதற்கும் கொசைன் உருமாற்றம் செய்து, அதாவது படத்தைப் பல அலைகளின் கூட்டாகப் பிரித்து, அவற்றின் அளவைச் சொல்லும் குணகங்களில் மிகப் பெரிய 1000-ஐ எடுத்து, ஒவ்வொன்றையும் தற்போக்கு (ரேண்டம்) எண்களின் தொடர் ஒன்றால் மிகச் சிறிதளவு ஏற்றியிறக்கினார்கள். படத்தின் உயிர்நாடியான பகுதியிலேயே குறி கலந்துவிடுவதால், குறியை அழிக்க முனைபவர் படத்தையும் கெடுத்துக்கொள்ள நேர்கிறது. குறியோ ஓரிடத்தில் இல்லாமல் படம் முழுவதும் மெலிதாக விரவி நிற்கிறது.

இந்த விரவி நிற்றலையே ‘ஊடு’ என்ற சொல் சொல்கிறது. ஊடுருவல், ஊடுகதிர், ஊடுபயிர் என்று அது ஏற்கெனவே பழகிய முன்னொட்டு. நெசவில் ஊடும் பாவும் என்னும்போது ஊடு என்பது குறுக்கே ஓடும் இழை. துணியைக் குலைக்காமல் அந்த இழையை உருவ முடியாது என்பதைவிட இந்த நுட்பத்துக்குப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஊடுதல் என்றால் பிணங்குதல் அல்லவா என்று நண்பர் ஒருவர் சிரித்தார். ஊடுகதிரைப் பிணங்கிய கதிர் என்று யாரும் படிப்பதில்லை.

வேறொரு நன்மையும் உண்டு. செயற்கை நுண்ணறிவு ஆக்கும் படங்களை அடையாளம் காட்டும் பேச்சு எழுந்தபின், இரு வேறு நுட்பங்கள் செய்தித்தாள்களில் ஒன்றாகக் குழம்புகின்றன. 2021இல் உருவான சி2பிஏ கூட்டமைப்பின் தரம், படம் எங்கிருந்து வந்தது, யார் என்ன திருத்தம் செய்தார் என்ற விவரத்தைக் கையொப்பமிட்டுக் கோப்போடு இணைக்கிறது. திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்தால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். கூகுள் டீப்மைண்ட் 2023இல் அறிமுகப்படுத்திய சிந்த்ஐடி என்ற நுட்பம், படப்புள்ளிகளுக்குள்ளேயே குறியைப் பதிக்கிறது. திரைப்பிடிப்பிலும் அது தங்க வாய்ப்பு உண்டு. முன்னதை ‘இணைசான்று’ என்றும் பின்னதை ‘ஊடுகுறி’ என்றும் சொன்னால், விளக்கம் எழுதாமலே வேறுபாடு விளங்கும். நீர்க்குறி என்ற சொல்லால் அது இயலாது.

செய்தியை ஒளித்து அனுப்பும் ஸ்டெகனோகிராஃபியையும் இதனோடு சேர்த்துவிடக் கூடாது. அங்கே செய்தி ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. அதைச் சுமக்கும் படம் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. இங்கே படம்தான் முதன்மை. குறி இருப்பது ஊரறிந்தாலும் கேடில்லை, அதை நீக்க முடியாமல் இருந்தால் போதும். முன்னதற்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் வேறொரு செய்யுளை ஒளித்து வைக்கும் சித்திரகவிக்குக் ‘கரந்துறைச் செய்யுள்’ என்ற பெயர் உண்டு. ஸ்டெகனோகிராஃபியைக் ‘கரந்துறையியல்’ என்று வழங்கலாம்.

கிளைச்சொற்களில், எளிதில் அழியாத ரோபஸ்ட் வகையை ‘நிலைகுறி’ என்றும், சிறு திருத்தத்திலும் சிதைந்து படம் மாற்றப்பட்டதைக் காட்டிக்கொடுக்கும் ஃபிராஜைல் வகையை ‘உடைகுறி’ என்றும் வழங்கலாம் என்று கருதுகிறேன். குழுவினர் கருத்தை வேண்டுகிறேன்.

மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

படச்செயலாக்கம் கற்பிப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ‘ஊடுகுறி’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் வாட்டர்மார்க் என்று மக்கள் பெரும்பாலும் சொல்வது, புகைப்படத்தின் மூலையில் கண்ணுக்குத் தெரியும்படி இடப்படும் பெயரையோ சின்னத்தையோதான். அதை ஊடுகுறி என்றால் நீங்கள் சொன்ன விளக்கம் முழுவதும் பொய்க்கும்; ஓரத்தை வெட்டினால் அது போய்விடும். ‘ஸீரோ வாட்டர்மார்க்கிங்’ என்ற வகையோ இன்னும் சிக்கலானது. அதில் படத்தில் ஒரு பிட்டைக்கூட மாற்றுவதில்லை. படத்தின் இயல்புகளிலிருந்து ஒரு தொடரைக் கணித்து, உரிமையாளரின் குறியோடு சேர்த்து, நம்பத்தக்க மூன்றாமவரிடம் பதிவுசெய்கிறார்கள். மருத்துவப் படங்களில் சிறு மாற்றமும் கூடாது என்பதால் அங்கே இதற்கு மதிப்பு உண்டு. எதுவுமே ஊடாத இதை ஊடுகுறி என்பது எவ்வாறு?

அடுத்து, ‘உடைகுறி’ வேண்டாம் என்று வேண்டுகிறேன். என் மாணவர்களிடம் பொருள் கேட்டேன். சட்டையின் கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் அடையாளத் துணி என்று இருவர் சொன்னார்கள். மேலும் ஃபிராஜைலுக்கும் ரோபஸ்டுக்கும் இடையே ஒரு வகை உண்டு. ஜேபெக் சுருக்கம் போன்ற, உள்ளடக்கத்தை மாற்றாத செயல்களை அது பொறுத்துக்கொள்ளும். ஒரு முகத்தை நீக்கி வேறு முகத்தை ஒட்டினால் சிதையும். ஆங்கிலத்தில் பாதி என்ற முன்னொட்டைச் சேர்த்து அதை வழங்குகிறார்கள். ‘அரையுடைகுறி’ என்று யாராவது எழுதுவதற்குமுன் நாம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

‘பிளைண்ட் டிடெக்‌ஷன்’ என்பதையும் கருத வேண்டுகிறேன். அதைக் குருட்டுக் கண்டறிதல் என்று மொழிபெயர்த்த பாடக்குறிப்பு ஒன்றைப் பார்த்தேன். படிப்பவர் மனத்தில் அது திறமையற்ற முறை என்ற எண்ணத்தையே விதைக்கும். உண்மையோ நேர்மாறானது. நீங்கள் குறிப்பிட்ட 1997ஆம் ஆண்டு முறையில் குறி இருக்கிறதா என்று பார்க்க மூலப்படமும் கையில் இருக்க வேண்டும். மூலம் இல்லாமலே கண்டறிவதுதான் பின்னர் வந்தவர்கள் முயன்று அடைந்த முன்னேற்றம்.

மறுமொழி

அன்புள்ள அம்மா, வணக்கம்.

தங்கள் மடல் சொல்லைக் கூர்மையாக்க உதவுகிறது. மூலையில் இடும் சின்னத்தை ‘மேற்குறி’ என்று பிரித்துவிடலாம். படத்தின் குறுக்கே மங்கலாகப் படர்ந்து கிடக்கும் சின்னத்தைப் ‘புலப்படும் ஊடுகுறி’ எனலாம். அது படத்தோடு கலந்தே இருப்பதால் முரண் இல்லை. தாளுக்கும், சொற்செயலியில் ஆவணத்தின் பின்னணியாக வரும் மங்கல் எழுத்துக்கும் ‘நீர்க்குறி’யே இருக்கட்டும், பழகிய சொல்லை அதன் இடத்திலிருந்து பெயர்ப்பது என் நோக்கம் அன்று. ஸீரோ வாட்டர்மார்க்கிங் வகைக்கு அதன் ஆங்கிலப் பெயரே பொருந்தவில்லை. குறியே பதியாத ஒன்றைப் ‘பதிவேட்டுச் சான்று’ என்று அழைத்து ஊடுகுறிக் குடும்பத்துக்கு வெளியே வைப்பதே முறை.

உடைகுறியைக் கைவிட்டு ‘முறிகுறி’ என்று கொள்ளலாமா? முறிதல் உடைதலைக் குறிக்கும். முறி என்பதற்குப் பத்திரம் என்ற பொருளும் உண்டு, பிணைமுறி என்று இன்றும் வழங்குகிறோம். உண்மைச் சான்றாக நின்று, கைவைத்தால் முறியும் குறிக்கு இரு பொருளும் பொருந்துகின்றன. இடைப்பட்ட வகை பாதி முறிவதில்லை. எதற்கு முறிய வேண்டும், எதற்குக் கூடாது என்று பகுத்தே முறிகிறது. ஆகவே ‘பகுத்துமுறிகுறி’ என்று சொல்லலாம். நீளம் சற்று உறுத்துகிறது, ஆனால் அரை என்ற சொல் தரும் தவறான எண்ணத்தைவிட அது மேல். பிளைண்ட் என்பதற்கு ‘மூலம் வேண்டாக் கண்டறிதல்’, அதற்கு எதிரானதற்கு ‘மூலவழிக் கண்டறிதல்’ எனலாம். குறி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் விடை சொல்வதைக் கண்டறிதல் என்றும், பதித்த செய்தியையே வெளிக்கொணர்வதை மீட்டெடுத்தல் என்றும் பிரித்து வழங்குவதும் நல்லது. ஆங்கில நூல்களிலேயே இவை பலவிடங்களில் கலந்து கிடக்கின்றன.

‘அட்டாக்’ என்ற சொல்லிலும் சற்று நிற்க வேண்டும். இத்துறையில் படத்தைச் சுருக்குவதும், அச்சிட்டு வருடியில் (ஸ்கேனரில்) மீண்டும் ஏற்றுவதும், ஒரு பாகை திருப்புவதும் எல்லாமே தாக்குதல் என்றே எழுதப்படுகின்றன. திருப்புதல் எளிய செயலாகத் தோன்றினாலும், குறி எங்கே தொடங்குகிறது என்பதே கண்டறியும் நிரலுக்குத் தெரியாமல் போவதால், பல முறைகள் அதில்தான் வீழ்கின்றன. 1997இல் கேம்பிரிட்ஜில் பெட்டிகோலாஸும் கூனும் வெளியிட்ட ஸ்டர்மார்க் என்ற சோதனை நிரல் கண்ணுக்குத் தெரியாத சிறு வளைவுகளைப் படத்தில் உண்டாக்கியே அன்றைய முறைகள் பலவற்றைத் தோற்கடித்தது. தம் குடும்பப் படத்தைச் சுருக்கி அனுப்புபவரைத் தாக்குபவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெடுநோக்கோடு செய்வதைத் தாக்குதல் என்றும், இயல்பான கையாளலில் நேர்வதைச் ‘சிதைவு’ என்றும் பிரிக்கப் பரிந்துரைக்கிறேன். முறிகுறியின் வகைகளை வரையறுக்கவும் இந்தப் பிரிவு தேவைப்படும்: பகுத்துமுறிகுறி சிதைவைப் பொறுக்கும், தாக்குதலுக்கு முறியும்.

குறியில் பதிக்கும் செய்தியைச் சுட்டும் ‘பேலோடு’ என்பதற்கு மட்டும் நிறைவான சொல் எனக்கு அமையவில்லை. ‘சுமை’ என்றால் கணினியின் பணிச்சுமையோடு மயங்கும். ‘உள்ளீடு’ வேறு பொருளில் நிலைத்துவிட்டது. ‘குறிச்செய்தி’ என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். குறிச்செய்தி நீள நீள ஒவ்வொரு பிட்டுக்கும் கிடைக்கும் இடம் குறைந்து குறியின் உறுதி தளர்கிறது. உறுதியைக் கூட்டினால் படத்தில் கறை தெரியத் தொடங்குகிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று இழுப்பதைப் பாடநூலில் விளக்க வேண்டியிருப்பதால், கொள்ளளவு, உறுதி, புலப்படாமை என்ற மூன்றோடும் இசைந்து வரும் ஒரு சொல்லைத் தாங்களோ குழுவினரோ தந்தால் சொற்பட்டியலில் அதையே சேர்த்துவிடலாம்.