ஸ்காட்லாந்து மூதாதையர் தேடல்: பதிவேடுகளில் எதிர்ப்படுபவை – அனுபவப் பகிர்வு

வேர்தேடி:
பிறப்புப் பதிவைத் தேடிக்கொண்டு தொடங்காதீர்கள். இறப்புப் பதிவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அன்றிலிருந்து இறப்புப் பதிவில் இறந்தவரின் அப்பா, அம்மா இருவர் பெயரும் கேட்கப்பட்டன. அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் சேர்த்துத்தான். அதே காலத்து இங்கிலாந்து இறப்புப் பதிவில் இந்த விவரம் இல்லை. 1860இல் எண்பது வயதில் ஒருவர் இறந்திருந்தால், 1780ஐ ஒட்டிப் பிள்ளை பெற்ற அவருடைய பெற்றோரின் பெயர் அந்த ஒரே தாளில் கிடைத்துவிடும்.

தகவல் கொடுத்தவர் யார் என்பதையும் கட்டாயம் பாருங்கள். மகனோ மகளோ சொல்லியிருந்தால் ஓரளவு நம்பலாம். பக்கத்து வீட்டுக்காரரோ மருமகனோ சொல்லியிருந்தால், இறந்தவரின் மாமியார் பெயர் அம்மா பெயராகப் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு.

1855ஆம் ஆண்டுப் படிவம் தனிப் பொக்கிஷம். பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், கல்யாணத் தேதியும் இடமும், மூத்த பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் உண்டு. இறப்புப் பதிவில் பிள்ளைகளின் பெயர்களே வரிசையாக இருக்கும். பதிவாளர்களால் அவ்வளவையும் எழுதி மாளவில்லை. மறு ஆண்டே படிவத்தைக் குறைத்துவிட்டார்கள். 1856 முதல் 1860 வரை இறப்புப் பதிவில் கணவன் அல்லது மனைவியின் பெயர்கூட இராது. பெற்றோரின் கல்யாண விவரம் பிறப்புப் பதிவுக்குத் திரும்பியது 1861இல்தான். ஆகவே உங்கள் நேர்முன்னோர் என்றில்லை, அவருடைய தம்பி தங்கை யாருக்காவது 1855இல் பிறப்போ இறப்போ நடந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பதிவைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

பதிவறை:
வாங்குவது பற்றி. ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ தளத்தில் இன்டெக்ஸைத் தேடப் பணம் இல்லை. அரசுப் பதிவு ஒன்றின் படத்தைத் திறக்க 6 கிரெடிட், அதாவது 1.50 பவுண்டு. பிறப்புக்கு 100 ஆண்டு, கல்யாணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆண்டு கடந்திருந்தால்தான் படம் இணையத்தில் வரும்.

பெண்களைத் தேடும்போது ஒரு வழி. மணமான பெண்ணின் இறப்பு, கணவர் வீட்டுப் பெயர், பிறந்த வீட்டுப் பெயர் இரண்டிலும் இன்டெக்ஸில் ஏறியிருக்கும். இரண்டிலும் தனித்தனியாகத் தேடி, ஆண்டு, மாவட்டம், பதிவு எண் மூன்றும் ஒத்துப்போகிற வரியைப் பிடியுங்கள். ஆள் உறுதி, காசு செலவில்லை. மார்கரெட் மெக்டொனால்டுகள் குவிந்து கிடக்கும் இன்வெர்னஸ் பக்கத்தில் இது இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

‘மெக்’ என்று தொடங்கும் பெயர்களை எழுத்தர்கள் பல விதமாக எழுதினார்கள். முதல் எழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். ஜேனட்டும் ஜெஸ்ஸியும் ஒருவராகவே இருக்கலாம். டொனால்டும் டேனியலும், பீட்டரும் பேட்ரிக்கும் அப்படியே.

1841 சென்சஸில் பதினைந்துக்கு மேற்பட்ட வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். பிறந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதி) தெரிய வேண்டுமானால் 1851க்குப் போக வேண்டும்.

கிர்க் வாசகி:
1855க்கு முன்னால் உள்ளவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பாரிஷ் ஏடுகள். மிகப் பழையது பெர்த்ஷயரின் எரொல் பாரிஷுடையது, 1553. மலைப்பகுதியான மேல்நிலத்திலும் (ஹைலண்ட்ஸ்) தீவுகளிலும் பல ஏடுகள் மிகவும் பிற்காலத்தில்தான் தொடங்குகின்றன.

இங்கே பெயர் இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. ஏழைகள் பலர் பதியவில்லை. 1733 தொடங்கிப் பிரிந்துபோன சபைகளும், 1843இல் பெரும்பிளவில் பிறந்த சுதந்திரத் திருச்சபையும் தங்களுக்கென்று தனி ஏடு வைத்தன. பாரிஷ் ஏட்டில் காணாத குடும்பத்தை அங்கே தேட வேண்டும்.

ஏட்டில் காணும் ‘கல்யாணம்’ பெரும்பாலும் கல்யாணம் நடக்கப்போகிறது என்று தேவாலயத்தில் முன்கூட்டி வாசித்த அறிவிப்புத்தான். மணமகள் பாரிஷிலும் மணமகன் பாரிஷிலும் வெவ்வேறு தேதியில் வந்திருந்தால் இரண்டு கல்யாணம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு பக்கத்து ஏட்டில் விட்டுப்போன மணமகளின் அப்பா பெயர் இன்னொன்றில் இருக்கக்கூடும்.

திருமணமாகாமல் பிறந்த குழந்தையின் தகப்பன் பெயர் வெற்றிடமாக இருந்தால், அந்த பாரிஷின் மூப்பர் சபைக் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். அந்தப் பெண்ணை அழைத்து விசாரித்ததையும் அவள் சொன்ன பெயரையும் எழுதி வைத்திருப்பார்கள். அவள் பட்ட அவமானம் வரிக்கு வரி தெரியும். பரபரப்புக்காகப் பரப்பாமல் மரியாதையோடு எடுத்தாள வேண்டிய ஏடு அது.

வேர்தேடி:
பெயர் வைத்த வரிசையும் துப்புக் கொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா, இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா, மூன்றாமவனுக்கு அப்பா. மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி, அடுத்தவளுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வீடுகளுக்கு இது எளிதில் பிடிபடும். சிக்கலும் இதில்தான்: நான்கு அண்ணன் தம்பிகள் ஒரே பாரிஷில் குடியிருந்தால், ஒரே பெயரில் நான்கு பேரன்கள் சில ஆண்டு இடைவெளியில் பிறந்திருப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு ஜேம்ஸ் வந்தால், பெரும்பாலும் முதல் குழந்தை இறந்து, அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைத்திருக்கிறார்கள். வரிசையைத் துப்பாக மட்டும் வையுங்கள், சாட்சியாக நிறுத்தாதீர்கள்.

பதிவறை:
பதிவின் ஓரத்தில் திருத்தப் பதிவேட்டின் குறிப்பு எழுதியிருந்தால் அதையும் திறந்து பாருங்கள். திடீர் மரணத்தின் காரணம், நீதிமன்றம் உறுதிசெய்த தகப்பன் பெயர் போன்றவை அந்த ஏட்டில்தான் இருக்கும். கல்யாணப் பதிவில் ‘ஷெரிஃபின் உத்தரவின்படி’ (ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் என்றால் வட்டார நீதிபதி) என்று கண்டால், பாதிரியார் இல்லாமல் சாட்சிகள் முன் அறிவித்துச் செய்துகொண்ட கல்யாணம். 1940 வரை அது சட்டப்படி செல்லும்.

மலைத்தோட்டம்:
இலங்கைக்குப் போன ஸ்காட்லாந்துக்காரர்களைத் தேடுவோருக்கு. சென்னை மாகாணத்தில் இருந்தவர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் உண்டு. சென்னைத் தொகுப்பின் குறியீடு என்/2. இலங்கையோ 1802இலேயே நேரடி முடியாட்சிக் குடியேற்றமாகிவிட்டது. ஆகவே காப்பித் தோட்டத் துரையை அந்தத் தொகுப்பில் தேடினால் பெரும்பாலும் வெறுங்கைதான்.

லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1835இல் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர். ஆகவே பிறப்புக்குப் பழைய பாரிஷ் ஏடு. இறந்தது 1892இல், இலங்கையில். கல்லறை கண்டி மகையாவையில். இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்காட்லாந்தின் சாதாரண இறப்பு ஏட்டில் பதிவை எதிர்பார்க்க முடியாது. ஊரில் பணமோ பங்கோ விட்டுப்போயிருந்தால் எடின்பரோ நீதிமன்றத்தின் சொத்து விவர ஏட்டில் பெயர் வரும். 1868க்கு முந்தியதென்றால் அதில் நிலம் இராது. நிலத்தை உயிலால் எழுதிவைக்க முடியாத காலம் அது. நிலத்துக்கு வாரிசு நிர்ணய ஏட்டைத் தனியே பார்க்க வேண்டும். சொந்த பாரிஷின் குடும்பக் கல்லறைக் கல்லையும் விட்டுவிடாதீர்கள்: தொலைவில் இறந்த மகனின் பெயரை, இறந்த தேதியோடும் ‘சிலோனில்’ என்ற சொல்லோடும், பெற்றோர் பெயருக்குக் கீழே வெட்டிவைப்பது அங்கே வழக்கம்.