உதவி: பீரியட்ஸ் ஆப் தப்புத் தப்பா காட்டுது

குயில்தோப்பு: அவசரம். தேதி தள்ளிப்போச்சுன்னு ஆப் தினமும் சிவப்புல காட்டுது, கர்ப்பமான்னு வேற கேக்குது. அழிச்சுட்டு மறுபடி ஏத்தியும் பாத்தாச்சு. வாட்ச்லயும் ராத்திரி சூடு தாறுமாறு. டாக்டர்கிட்ட காட்டணும், எப்படி சரி பண்றது?

பாதிராத்திரி: எந்த ஆப்? வயசு? கடைசியா எப்ப வந்துச்சு?

சென்சார்பித்து: வாட்ச் பட்டை தளர்வா இருக்கும். இறுக்கிக் கட்டுங்க, சரியாயிடும்.

வானதி: ஹார்மோன் மாத்திரை ஏதும் எடுக்கிறீங்களா?

பழையஆள்: இதே கேள்விக்கு மன்றத்துல இழை எண்ணிக்கை கூடுதே தவிர பழசைத் தேடிப் படிக்கிறவங்க இல்ல. ஆப் ஜோசியம் பாக்கலம்மா. பழைய சுழற்சிகளோட சராசரிய வச்சு அடுத்த தேதி போடுது, அவ்வளவுதான்.

குயில்தோப்பு: 47. மாத்திரை இல்ல. ரெண்டு மாசம் தாண்டியாச்சு.

வானதி: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்! பெரிமெனோபாஸா இருக்கலாம் அக்கா, அதாவது பீரியட்ஸ் நிக்கறதுக்கு முந்தின மாறுதல் காலம். முட்டை வெளியேறுறதே ஒழுங்கில்லாதப்ப சராசரி எப்படிப் பலிக்கும்? இந்தக் கட்டங்களைப் பிரிக்க 2011ல டாக்டருங்க வகுத்த ‘ஸ்ட்ரா+10’ அளவுகோல்படி 60 நாளோ அதுக்கு மேலயோ இடைவெளி விழுந்தா அது மாறுதல் காலத்தோட பிந்தைய கட்டம். 12 மாசம் தொடர்ந்து வராம இருந்தாதான் மெனோபாஸ். அதுவரைக்கும் கரு தரிக்க வாய்ப்பு இருக்கு, அதனால ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. ஆப் செட்டிங்ஸ்ல தேதிக் கணிப்பை அணைச்சுட்டு, ரத்தப்போக்கு, வேர்வை, தூக்கம் மட்டும் பதிங்க. டாக்டருக்கு வேண்டியது அதுதான்.

சென்சார்பித்து: முட்டைப்பையைத் தூண்டுற எஃப்எஸ்ஹெச் ஹார்மோனை அளக்குற கிட் வாங்கி வீட்லயே பாத்துடலாமே?

பாதிராத்திரி: அந்த ஹார்மோன் இந்தக் கட்டத்துல ஏறி இறங்கிட்டே இருக்கும். ஒரு தடவை பாத்து என்ன தெரியும்? வாட்ச் சூடும் மணிக்கட்டுத் தோலோடதுதான். போர்வை, காய்ச்சல் எல்லாம் மாத்திடும். உடம்பு குப்புனு சூடாகிறது சில நிமிஷம். ராத்திரி முழுசுக்கும் ஒரே எண் போடுற வாட்ச்ல அது தெரியவே தெரியாது.

நோட்டுப்போதும்: எதுக்கு ஆப்? ஃப்ளோங்கிற பீரியட்ஸ் ஆப் பெண்களோட தகவலை வெளியாருக்குக் கொடுத்ததா அமெரிக்க வணிக ஆணையம் புகார் வச்சு, 2021ல சமரசத்துல முடிஞ்சுது. பேனாவை எடுங்க.

சென்சார்பித்து: 2022லயே பேரில்லாம பதியுற வசதி கொண்டுவந்துட்டாங்களே. உங்க நோட்டை வீட்ல யாரும் எடுத்துப் படிக்க மாட்டாங்களா?

நோட்டுப்போதும்: எங்க வீட்ல என் கையெழுத்து எனக்கே புரியாது.

பழையஆள்: தலைப்புக்கு வாங்க.

வானதி: அக்கா, அழிச்சீங்களே, பழைய பதிவெல்லாம் இருக்கா? கணக்குல உள்நுழைஞ்சிருந்தா திரும்ப வரும்.

குயில்தோப்பு: உள்நுழையல, எல்லாம் போச்சு. கணிப்பை அணைச்சுட்டேன். டெஸ்ட் நெகட்டிவ். நாளைக்கு டாக்டர். நன்றி.